வெள்ளிக்கிழமை ஒழுகாத கூரை

மார்கழி பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். மொட்டை மாடியில் வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, துணி காயப்போடும் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பின்கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. நல்ல ஜில்லென்ற சொட்டு. அண்ணாந்து பார்த்தால், போன கோடையில் வெயிலுக்காகப் போட்ட நீலக் கலர் ஷீட்டின் அடிப்பக்கம் முழுக்க ஈரம். செய்தித்தாளோடு மேலே வந்த என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, புது ஷீட் அதற்குள் ஒழுக ஆரம்பித்துவிட்டது, போட்ட ஆளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கப்போகிறேன் என்று கைபேசியை எடுத்தார். வானத்தில் பேருக்குக்கூட மேகம் இல்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்த்தார், ஷீட்டைப் பார்த்தார், கைபேசியை மெதுவாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் செய்தித்தாளை விரித்துப் பிடித்தார் என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சிரிப்பு எதற்கு என்று உங்களுக்கு விளங்க வேண்டுமானால், திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் நாங்கள் குடியிருந்த தகர வீட்டுக்குப் போக வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சோளக்காடாக இருந்த இடத்தில் வரிசையாக அறைகள் கட்டி, மேலே அலை அலையான தகரம் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள். நாங்கள் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு பஸ் ஏறி வந்தவர்கள். இவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்கு ஹெல்பர். நான் அதே கம்பெனியில் செக்கிங், தைத்த துணியில் குறை பார்க்கிற வேலை. எங்களுக்குக் கிடைத்தது கடைசி அறை. கடைசி அறை என்றால் இரண்டு பக்கமும் காற்று அடிக்கும். வந்த புதிதில் அதை ஒரு சௌகரியம் என்று நினைத்தோம்.

தகரக் கூரை கூடவே குடியிருக்கும் மாமியார் மாதிரி. எல்லாவற்றுக்கும் ஒரு சத்தம் கொடுக்கும். காலை வெயில் ஏறும்போது டக் டக்கென்று முறிக்கும். சாயங்காலம் சூடு இறங்கும்போது இன்னொரு தரம் முறிக்கும். காக்கா நடந்தால் ஆள் நடக்கிற மாதிரி இருக்கும். அணில் ஓடினால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். மழை வந்துவிட்டால் வீட்டுக்குள் பேச்சே கிடையாது. கல்யாணமான புதிதில் நாங்கள் ஆரம்பித்த எத்தனையோ சண்டைகளை அந்த மழைச் சத்தம்தான் முடித்துவைத்தது. மழை விட்டபிறகு எதற்குக் கத்தினோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

ஒழுகுவதிலும் தினுசு தினுசாக உண்டு. அங்கே குடியிருந்தே நான் அதில் தேறிவிட்டேன். மழை தொடங்கின உடனே, ஆணிக்கு நேர் கீழே, ஒரே இடத்தில் சொட்டினால் ஆணி வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். சாதாரண மழைக்குச் சும்மா இருந்துவிட்டு, காற்றோடு அடிக்கிற மழைக்கு மட்டும் ஒழுகினால், இரண்டு தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் தண்ணீர் புகுகிறது. இது கள்ளத்தனமானது. புகுந்த இடம் ஒன்று, அலையோடு ஓடிப்போய்ச் சொட்டுகிற இடம் வேறு. சொட்டுகிற இடத்தில் தாரைப் பூசிவிட்டு ஒழுகல் நிற்கவில்லையே என்று முழிப்பார்கள். துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க மழையே வேண்டாம். உச்சிவெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் தரையில் பொட்டுப் பொட்டாக வெயில் விழும். எங்கள் அறையில் அப்படி ஒரு பொட்டும் இல்லை. ஆணிகள்தான் பழசு. தகரம் நல்ல தகரம் என்று வீட்டுக்காரம்மா அடித்துச் சொல்வார். அது உண்மைதான்.

வீட்டுக்காரம்மாவை நாங்கள் சரசக்கா என்போம். சோளக்காட்டுக்குச் சொந்தக்காரர். அறைகளுக்குப் பின்னாலேயே அவருடைய வீடும் மாட்டுக் கட்டுத்தறியும். காலையில் பால் ஊற்றுவதும் அவரே. வாடகைக்கு இருப்பவர்கள் சுவரில் ஆணி அடித்தால் அவருக்கு எப்படியோ கேட்டுவிடும். குரலில் கண்டிப்பு உண்டு, வார்த்தையில் மரியாதை குறையாது. முதல் வருஷம் முழுக்க நான் அவரைப் பார்த்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வேன், ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். எனக்கு இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்றுகொண்டுதான் வேலை. அதனால்தானா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் முறை உண்டானபோது பல்லடத்து டாக்டரம்மா, இந்தத் தடவை நிற்கிற வேலை வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதனால் கம்பெனியை விட்டுவிட்டு வீட்டிலேயே பிசிறு வெட்டும் வேலை எடுத்தேன். தைத்து முடித்த துணியில் துருத்திக்கொண்டிருக்கும் நூல்களைக் கத்தரித்துச் சுத்தம் செய்வதுதான் அந்த வேலை. ஒருவர் சம்பளத்தில் எங்களால் திருப்பூரில் இருக்க முடியாது. இந்த வேலை போனால் நான் மறுபடியும் போய் நிற்க வேண்டும். நின்றால் என்ன ஆகுமோ என்பதுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே பயம்.

பண்டல் கொண்டுவருகிற காண்ட்ராக்டர் மணி, என்னைவிடச் சின்னவர். டிவிஎஸ் வண்டியில் முன்னும் பின்னும் மூட்டை கட்டி வருவார். அந்தக் கார்த்திகையில் அவர் கொண்டுவந்தது எல்லாம் பச்சைக் குழந்தைகளுக்குப் போடும் வெள்ளை ஜப்லா. எந்த நாட்டுக் குழந்தைக்கோ போகிறது. உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்குக் கைகள். ஒவ்வொன்றாக எடுத்து நூல் வெட்டும்போது பேசாமல் இருக்க முடியாது. நான் அவற்றோடு பேசிக்கொண்டுதான் வெட்டுவேன். முடித்ததைத் தரை ஈரம் படாமல் இருக்கட்டும் என்று பரண்மேல் அடுக்கிவைப்பேன். வீட்டிலேயே காய்ந்த இடம் அதுதான் என்பது என் கணக்கு.

அந்த வருஷம் குளிர் கொஞ்சம் கூடுதல். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில், ஒவ்வொரு அலைக்குக் கீழேயும் ஒரு கை நுழைகிற சந்து இருக்கும். அது வழியாக விடியற்காலையில் காற்று வந்து முகத்தில் அடிக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் குளிர் ஆகாதே என்று இவருக்கு ஒரே கவலை. திருப்பூரில் எதற்கும் ஒரு மருந்து இருக்கிறது, அது பனியன் வேஸ்ட். தலையணைக்குள் அடைப்பார்கள், வண்டி துடைப்பார்கள், அடுப்புப் பற்றவைப்பார்கள், கதவு ஆடினால் மடித்து அடியில் செருகுவார்கள், ஆணிக்கு வாஷர் இல்லையென்றால் அதையே சுற்றி முறுக்குவார்கள். இவர் கட்டிங் டேபிளில் மிஞ்சிய துணியை மூட்டையாகக் கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்டூல்மேல் நின்று, ஒரு சந்து விடாமல் அடைத்தார். கொசுவும் வராது, குளிரும் வராது என்று இறங்கிவந்து கையைத் தட்டிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

சரியாக அதற்குப் பிறகுதான் கூரை ஒழுக ஆரம்பித்தது. ஆனால் அப்போது யாரும் இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

முதல் சொட்டு ஒரு சனிக்கிழமை காலையில் பரண்மேல் இருந்த ஜப்லாவில் விழுந்தது. வெறும் தண்ணீராக இருந்திருந்தால் பரவாயில்லை. ஆணித் துருவைக் கரைத்துக்கொண்டு செம்பழுப்பாக விழுந்தது. வெள்ளைத் துணியில் மிளகு அளவுக்குச் சிவப்பு. அதைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். முன்பு இரண்டு தரமும் எனக்கு விஷயம் தெரிந்தது அப்படி ஒரு சின்னக் கறையில்தான். இது துரு, இது துரு என்று எனக்கே சொல்லிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போதுகூட அந்தப் பயம் வந்துவிட்டுப் போகிறது.

இவர் வந்து பார்த்தார். அண்ணாந்து பார்த்தபடியே, “மழையே காணோம், எங்கன இருந்துட்டி ஒழுகுது?” என்றார். ராத்திரி பெய்திருக்கும், நாம் தூங்கிவிட்டோம் என்று அவரே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டார். மறுநாள் தார் டின்னும் பனியன் வேஸ்ட்டுமாகக் கூரைமேல் ஏறி, கண்ணில் பட்ட ஆணிக்கெல்லாம் பூசிவிட்டு வந்தார். தகரத்தின்மேல் நடக்கிறவர்கள் ஆணி வரிசை போகிற இடத்தில், அடியில் சட்டம் இருக்கிற இடமாகப் பார்த்து மிதிக்க வேண்டும். இவர் நட்ட நடுவில் மிதித்து ஒரு பள்ளம் பண்ணிவிட்டார். அந்தச் சத்தம் சரசக்காவின் கட்டுத்தறி வரைக்கும் கேட்டது. அவர் வந்து பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

தாரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அடுத்தடுத்த காலைகளிலும் சொட்டியது. பரண்மேலேயே அடுக்கை இடம் மாற்றினேன், அங்கேயும் சொட்டியது. மணி வந்து கறை பட்ட பீஸ்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. “ஏனுங்க்கா, வெள்ளப் பீசுல துரு பட்டா என்னையக் கம்பெனிக்குள்ளயே உடமாட்டாங்க. ஊடு செரியில்லீன்னா சொல்லிப்போடுங்க, நான் வேற பக்கம் குடுத்துக்கறேன்” என்றார். இன்னும் ஒரு பண்டல் பார்க்கலாம் என்று வைத்துவிட்டுப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்புகிற வரை நான் வாசலில் நின்றிருந்தேன்.

சரசக்காவிடம் போய்ச் சொன்னோம். என் தகரம் ஒழுகாது என்றார். வேண்டுமானால் நானே வந்து பார்க்கிறேன் என்று ஒரு நாள் காலையில் வந்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கூரை காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை. அவர் கையை நீட்டிப் பரணைத் தடவிப் பார்த்தார். எங்களையும் பார்த்தார். பக்கத்து அறைகளில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்றார். அதுவும் உண்மைதான். மற்றவர்கள் எல்லாரும் வெளி வராந்தாவில் விறகடுப்பில் சமைப்பவர்கள். எனக்குப் புகை ஆகாது என்று நாங்கள் மட்டும் பம்ப் ஸ்டவ்வை உள்ளே வைத்திருந்தோம். அந்த வித்தியாசமும் அப்போது எங்கள் மண்டையில் ஏறவில்லை. அவர் போனபிறகு இவர் தலையைக் குனிந்துகொண்டு, நம்மளப் பொய்க்காரன்னு நெனச்சிருப்பாவ என்றார். மறுநாள் சனிக்கிழமை காலையில் கூரை மறுபடியும் சொட்டியது.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. நாங்கள் போகிற சின்னச் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அன்றைக்கு நான் மதியம் வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடமாட்டேன். அதுவரை அடுப்பே பற்றவைப்பதில்லை. குளிக்கிறதும் பச்சைத் தண்ணீர்தான். இவர் அன்றைக்கு மட்டும் பேக்கரியில் பன்னும் டீயுமாகக் காலையை முடித்துக்கொள்வார். உண்டாகியிருக்கும்போது வேண்டாம் என்று போதகர் அம்மாவே சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. இந்தப் பிள்ளை தங்கினால் போதும் ஆண்டவரே என்று பொருத்தனை பண்ணியிருந்தேன், நேர்ந்துகொள்வதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த மாதம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூரை காய்ந்தே இருந்தது. மற்ற நாள் எல்லாம் சொட்டு. இதைக் கவனித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சோதித்துப் பார்க்கலாம் என்று, இவரை அன்றைக்கும் பேக்கரிக்கு அனுப்பிவிட்டு, செவ்வாய்க்கிழமையும் உபவாசம் இருந்தேன். செவ்வாய்க்கிழமையும் ஒழுகவில்லை. இதற்குமேல் ஒரு மனுஷிக்கு என்ன சாட்சி வேண்டும்? புதனையும் சேர்த்துக்கொண்டேன். புதன்கிழமையும் கூரை காய்ந்துவிட்டது. காலையில் பசி வயிற்றைக் கிள்ளும், எழுந்தால் கண் இருட்டும். ஆனால் ஜப்லா வெள்ளையாக இருக்கும். மணி கொடுத்த கடைசிப் பண்டலை எப்படியாவது கறையில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பது ஒரு பக்கம். நான் சாப்பிடாமல் இருந்தால் என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதை நினைத்துப் பார்த்தால் இப்போது நெஞ்சு பதறுகிறது. அன்றைக்கு அது முழு நம்பிக்கை.

பக்கத்து அறைப் பாண்டியம்மா உசிலம்பட்டிக்காரி. எதையும் கேலி பண்ணாமல் விடமாட்டாள். என் கதையைக் கேட்டுவிட்டு, ஒங்க கூரையும் ஒங்களோட சேந்து உபவாசம் இருக்கு போல என்றாள். சிரித்துவிட்டுப் போனவள் வாசலில் நின்று என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பால் வாங்கப் போனபோது சரசக்காவிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். கேலியாகச் சொன்னாளோ, கவலையாகச் சொன்னாளோ. எப்படிச் சொல்லியிருந்தாலும் அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு சரசக்கா உள்ளே வந்தார். கையில் ஒரு தூக்குப்போசி, எங்கள் ஊர்ப் பக்கம் தூக்குச்சட்டி என்போம். கூரையை அவர் பார்க்கவே இல்லை. நேராக என்னைப் பார்த்து, “ஏங்கண்ணு, வயித்துல புள்ளய வெச்சுட்டு வாரத்துல மூணு நாளு பட்டினி கெடக்கறயாமா? எந்தச் சாமி கேட்டுதுன்னு சொல்லு, நாம் போயிப் பேசிக்கறேன்” என்றார்.

நான் பொருத்தனை, ஜெபம் என்று என்னமோ சொல்லப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை. தூக்குப்போசியில் கழுவிய அரிசியும் பருப்பும், பொட்டலத்தில் சின்ன வெங்காயமும் கொண்டுவந்திருந்தார். ஸ்டவ்வை அவரே பம்ப் அடித்துப் பற்றவைத்தார். என்னைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு அரிசிம்பருப்புச் சாதம் தாளித்தார். குளிர் என்று கதவைச் சாத்தியிருந்தேன். வெங்காயமும் சீரகமும் வதங்குகிற வாசனை அறை முழுக்க நின்றது. என் வாயில் தண்ணீர் ஊறியது. உபவாச நாளில் இப்படி ஊறுகிறதே என்று கண்ணிலும் ஊறியது.

சாதம் கொதித்து ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது. அடுப்பின்மேல் குனிந்து கிளறிக்கொண்டிருந்த சரசக்காவின் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது.

அவர் பிடரியைத் தடவிவிட்டு விரலைப் பார்த்தார். செம்பழுப்பு. அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அடுப்புக்கு நேர்மேலே தகரம் முழுக்கச் சின்னச் சின்னப் பொட்டாக ஈரம் பூத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் முன்பு வரை காய்ந்து கிடந்த தகரம். பொட்டுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, அலையின் பள்ளத்தோடு வழிந்து, பழைய ஆணியைத் தொட்டுச் சிவந்து, பரண் பக்கமாகப் போய்ச் சொட்டின. வெளியே பளிச்சென்ற இளங்காலை வெயில்.

“இது ஒழுகல கண்ணு, வேர்க்குது” என்றார் சரசக்கா. மார்கழியில் அவருடைய கட்டுத்தறித் தகரமும் மாடுகளின் மூச்சுக்கே இப்படித்தான் விடியற்காலையில் வேர்க்குமாம். அதனாலேயே மேலே சந்து விட்டு வைப்பார்களாம். சொல்லிக்கொண்டே அவர் கண் சுவரின் மேல்விளிம்புக்குப் போனது. ஒரு சந்து பாக்கி இல்லாமல் வெள்ளை வெள்ளையாகப் பனியன் வேஸ்ட் பிதுங்கிக்கொண்டிருந்தது. இதை யார் அடைத்தது என்று கேட்டார். எனக்குக் குளிரக்கூடாது என்று இவர்தான் என்றேன். அவர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, முதல் அடைப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “பொண்டாட்டி மேல இத்தன பிரியம் வெச்சவன், மூச்சுக்கொரு சந்து உட்டிருக்கலாமல்லொ” என்றார்.

எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. அடுப்பு எரிந்த நாளெல்லாம், வெளியே போக வழியில்லாத ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டு வேர்த்தது. அடுப்பு எரியாத வெள்ளிக்கிழமை வேர்க்கவில்லை. செவ்வாயும் புதனும் அப்படித்தான். என் உபவாசம் ஒழுகலை நிறுத்தியது நிஜம்தான். ஆனால் நான் நினைத்த வழியில் இல்லை. மதியம் ஜெபம் முடிந்து வந்து சமைக்கும்போது தகரம் வெயிலில் சுட்டுக் கிடக்கும், அதனால் அப்போதும் ஒன்றும் தெரியாது. சாட்சி என்று நான் சபையில் எழுந்து சொல்ல வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அப்படியே வயிற்றுக்குள் போயின. வெட்கமாக இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. அதற்குள் சரசக்கா தட்டில் சாதத்தைப் போட்டு, மேலே நெய் ஊற்றி, கையில் கொடுத்துவிட்டார். முதல் வாய் வைத்ததும் அழுதுவிட்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றார், நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் கேட்டது பிள்ளை தங்க வேண்டும் என்றுதான். கூரை காய வேண்டும் என்றா கேட்டேன்? கேட்டதற்குப் பதில் தூக்குப்போசியோடு கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டது. அதற்குமேல் நான் ஆண்டவரிடம் கணக்குக் கேட்கவில்லை.

மற்றதெல்லாம் சுலபமாகவே முடிந்தது. இவர் அன்று சாயங்காலமே மிச்ச வேஸ்ட்டையும் பிடுங்கிவிட்டு, சந்துகளுக்குக் கொசுவலையை வெட்டி அடித்தார். குளிருக்கு எனக்கு ஒரு கம்பளி வந்தது. ஸ்டவ் கதவோரத்துக்குப் போனது, சமைக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும் என்பது சட்டமானது. சரசக்கா நாங்கள் கேட்காமலேயே ஒரு ஷீட் வேலைக்காரரைக் கூட்டிவந்தார். அவர் துருப்பிடித்த ஆணிகளைக் கழற்றியபோது, வாஷருக்குப் பதிலாக யாரோ எப்போதோ சுற்றிவைத்த பனியன் துணி கறுத்துப்போய்க் கையோடு வந்தது. துணி ஈரத்தைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும், ஆணி பின்னே துருப்பிடிக்காமல் என்ன செய்யும் என்று அவர் சிரித்தார். ரப்பர் வாஷர் போட்டுப் புது ஆணி முடுக்கினார். துரு இருந்த இடத்தைச் சுரண்டி, மறுபடி துரு ஏறாமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்தார். இவர் மிதித்த பள்ளத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கி, மைனாக்கள் குளிக்க வரும்.

கறை பட்ட ஜப்லாக்களை எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டேன். பாதிக்கு மேல் போய்விட்டது. கடைசிப் பண்டல் சுத்தமாக முடிந்தது. மணி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, அடுத்த மூட்டையை இறக்கிவைத்தார். கறை போகாத சிலதை மட்டும் கம்பெனியில் சொல்லிக்கொள்கிறேன் என்று என்னிடமே விட்டுப்போனார். பங்குனியில் அவற்றைப் போட்டுக்கொள்ள ஆள் வந்துவிட்டது. பெண்.

அவள் பிறந்த கோடை கொடுமையான கோடை. தகரத்தின்மேல் சுண்ணாம்பு அடித்து, சரசக்கா தோப்பிலிருந்து கொடுத்த தென்னங்கீற்றைப் பரப்பி, மதியத்தில் மேலே தண்ணீர் தெளித்து, அவளைத் தொட்டிலில் போட்டு விசிறிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கீற்று காய்ந்து சருகானதும் சொல்லாமல் புதுக்கீற்று வந்துவிடும். பிரசவம் ஆகும் வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் அக்கா பால் ஊற்றிவிட்டு எங்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். சோற்றுப்பானையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போவார். நான் சொல்வதை நம்பமாட்டார். பிரசவத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்த வரிசை வீடுகள் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு கம்பெனி குடோன். கூரை முழுக்கக் கலர் ஷீட், உச்சியில் காற்றுக்குச் சுழல்கிற உருண்டைகள். கட்டுத்தறியும் இல்லை, மாடுகளை விற்றுவிட்டார்கள். பாண்டியம்மா ஊருக்கே திரும்பிப் போய்விட்டாள். மணி எங்கே இருக்கிறாரோ தெரியாது. காலை வெயில் ஏறும்போது கேட்கும் அந்த டக் டக் சத்தம் என் மகளுக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கு நடை வருவதற்குள் நாங்கள் ஓட்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

சரசக்காவைக் கடைசியாகப் பார்த்தது போன ஆடியில். மகன் கட்டிய பெரிய வீட்டில், கீழ் அறையில் கட்டிலில் இருந்தார். நினைவு தப்பித் தப்பி வருகிறது, ஆளைத் தெரியாது என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். நானும் மகளும் போனோம். என் பெயரை அவருக்குச் சொல்லிப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. நான் குனிந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு கையை நீட்டி என் வயிற்றில் வைத்தார். “சாப்பிட்டயா கண்ணு?” என்றார்.

நான் அவர் கைமேல் என் கையை வைத்துக்கொண்டேன். என் பின்னால் நின்றிருந்த மகள்தான் குனிந்து, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாட்டியிடம் பேசுகிற பேச்சிலேயே, அவர் காதருகே பதில் சொன்னாள்.

“சாப்டமுங்க அம்மாயி.”

அக்கா தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆவணியில் போய்விட்டார். வெள்ளிக்கிழமைகளில் நான் இப்போதும் காலையில் நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுகிறேன். பானையைத் திறந்து பார்க்கத்தான் யாரும் வருவதில்லை.